சுடப்பட்டவர் கேட்ட மன்னிப்பு

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பறவை வேட்டையைப் பற்றிப் பேச முடியுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். வேட்டையின் பெருமை பேச எனக்கு வராது, அதில் நடந்த விபத்துகளைப் பற்றி வேண்டுமானால் பேசுகிறேன் என்றேன். சரி என்றார்கள். ஆகவே இன்று மாலை துப்பாக்கி பிடித்த பெரிய மனிதர்கள் சிலரை அவர்களுடைய மோசமான நாளில் சந்திக்கப் போகிறோம்.

புலி வேட்டை, யானை வேட்டை என்றால் ஆபத்து எங்கிருந்து வரும் என்று குழந்தைக்கும் தெரியும். காடையும் கவுதாரியும் யாரையும் பாய்ந்து கடிக்கப் போவதில்லை. இருந்தும் இந்த வேட்டையில் கண் போனவர் உண்டு, கால் போனவர் உண்டு, உயிரே போனவரும் உண்டு. அவர்களைச் சுட்டது யார் என்று பார்த்தால் பக்கத்தில் நின்ற நண்பர், மைத்துனர், வீட்டுக்கு வந்த விருந்தாளி. ஓரிடத்தில் வளர்த்த நாய். இந்தக் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. சுட்டவர் பெரிய இடத்து ஆளாக இருந்துவிட்டால் விபத்து வேடிக்கைக் கதையாகிவிடுகிறது. அடிபட்டவர் அந்தக் கதையில் சிரிப்பு மூட்ட வந்து போகிறவர். சில சமயம் அவரே மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போகிறார்.

வெல்லிங்டன் கோமகனிலிருந்து தொடங்குகிறேன். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தபோது ஆங்கிலப் படையில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் அவர். 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தவர். போர்க்களத்தில் அப்படி, பறவை சுடுவதிலோ அவர் பக்கத்தில் நிற்கவே ஆட்கள் பயந்தார்கள். அவருக்கு விருந்தளித்த ஷெல்லி சீமாட்டியின் நாட்குறிப்பில் ஒரு நாள் வேட்டை வருகிறது. முதலில் ஒரு வேட்டை நாய் மீது சுட்டார். அடுத்து வேட்டைக்காவலரின் கால் உறையில் ரவை பாய்ந்தது. கடைசியில், தன் குடிசைச் சன்னலோரம் துணி துவைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தியின் மேல் பட்டது. அலறிய கிழவிக்குச் சீமாட்டி சொன்ன ஆறுதலைக் கேளுங்கள்: வெல்லிங்டன் கோமகன் கையால் சுடப்படும் பாக்கியம் உனக்குக் கிடைத்திருக்கிறது, உன் வாழ்நாளிலேயே நீ மிகவும் பெருமைப்பட வேண்டிய நேரம் இது என்றாராம். நெடுங்காலமாக ஆங்கிலேயர் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் முதல்முறை படித்தபோது சிரித்தேன். கிழவிக்குக் கதையில் பெயர்கூட இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. 1823இல் வேர்ஸ்டெட் என்ற ஊரில் அதே கோமகன் கிரான்வில் பிரபுவின் முகத்தில் சுட்டார். பிரபு என்பதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது.

இவ்வளவு அடிக்கடி மனிதர்மேல் படுவதற்குக் காரணம் இருக்கிறது. பறவை சுடும் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு கிடையாது. தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள் இருக்கும். முப்பது மீட்டர் போவதற்குள் அவை ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். பறக்கிற பறவையை நேராகக் குறிவைத்தால் படாது. அதன் போக்கோடு குழலைச் சுழற்றி, சற்றே முந்திச் சுட வேண்டும். இந்தச் சுழற்சியில்தான் வினை. கண் பறவையைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறது. பறவை தாழப் பறந்தாலோ, வரிசைக்குப் பின்புறம் திரும்பினாலோ, குழலும் கூடவே தாழ்ந்து, கூடவே திரும்பி, பக்கத்தில் நிற்பவரின் முகத்தைக் கடக்கும். சுடுகிறவருக்கு அந்தக் கணத்தில் முகம் தெரிவதில்லை. இறகு மட்டுமே தெரியும்.

1891 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். விக்டோரியா ராணியின் ஆஸ்போர்ன் மாளிகையில் வேட்டை. ராணியின் மகன் கன்னாட் கோமகன் சுட்ட ரவை, ராணியின் மருமகன் கிறிஸ்டியன் இளவரசரின் கண்ணில் பாய்ந்தது. கண்ணை எடுத்துவிட வேண்டியதாயிற்று. அப்போது அவருக்கு வயது 60. அதற்குப் பிறகு அவர் கண்ணாடிக் கண்கள் பலவற்றைச் செய்து வைத்துக்கொண்டார். அரண்மனை அதிகாரி ஃபிரெடரிக் பொன்சன்பி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார்: விருந்தில் பேச்சு சுணங்கினால் இளவரசர் பணியாளை அழைத்து அந்தக் கண்களைத் தட்டில் வைத்துக் கொண்டுவரச் சொல்வாராம். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்குவாராம். சளி பிடித்த நாளில் போட்டுக்கொள்ள ரத்தம் கட்டிச் சிவந்த கண் ஒன்றும் அதில் உண்டு. தம் இழப்பைத் தாமே கேலிக்கதையாக்கிக்கொண்ட இந்த மனிதரை எனக்குப் பிடிக்கும். சுட்டவர் ராணியின் மகன்; வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

அடுத்தது, ரவை யார்மேலும் படாமல் போன ஒரு சம்பவம். 1913 நவம்பரில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் இங்கிலாந்தில் போர்ட்லண்ட் கோமகனின் வெல்பெக் மாளிகைக்கு விருந்தாளியாக வந்தார். உலகத்தில் வேட்டைப் பைத்தியம் பிடித்தவர்கள் வரிசையில் முன்னால் நிற்பவர் அவர். வாழ்நாளில் 2,70,000க்கும் மேற்பட்ட உயிர்களைச் சுட்டதாக அவர் வைத்திருந்த கணக்கே சொல்கிறது. 1893இல் உலகப் பயணம் வந்தபோது இந்தியாவிலும் சுட்டுவிட்டுத்தான் போனார். வெல்பெக்கில் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வகைப் பறவைகளின் வேட்டை. அந்தக் கால வழக்கப்படி ஒவ்வொரு பிரபுவுக்கும் இரண்டு மூன்று துப்பாக்கி, சுடச்சுடத் தோட்டா நிரப்பிக் கையில் கொடுக்க ஓர் ஆள். தரையில் பனி மூடிக் கிடந்தது. நிரப்பித் தரும் ஆள் ஒருவர் சறுக்கி விழுந்தார். கையிலிருந்த துப்பாக்கியின் இரண்டு குழலும் ஒருசேர வெடித்தன. ரவை இளவரசரையும் கோமகனையும் சில அடி தள்ளிக் கடந்து போனது.

ஏழு மாதம் கழித்து, 1914 ஜூன் 28 அன்று, சரயேவோ நகரில் இளவரசரும் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் முதல் உலகப் போர். அன்று வெல்பெக்கிலேயே அவர் இறந்திருந்தால் அந்தப் போர் தவிர்ந்திருக்குமோ, தள்ளியாவது போயிருக்குமோ என்று கோமகன் பிற்காலத்தில் எழுதினார். வரலாற்று ஆசிரியர்கள் இதற்குத் தலையாட்ட மாட்டார்கள்; போருக்குக் காரணங்கள் அதைவிட ஆழமானவை. நான் கவனித்தது வேறு. உலகப் போரையே தள்ளிப்போட்டிருக்கக்கூடிய ஆள் என்று கோமகன் யாரை நினைத்தாரோ, அந்த ஆளுக்கு அவருடைய குறிப்பில் பெயர் இல்லை. நிரப்புகிறவர்களில் ஒருவன் விழுந்தான், அவ்வளவுதான்.

எல்லாப் பிரபுக்களும் இப்படி என்று சொல்லிவிடக் கூடாது. மார்க் போஃபாய் என்ற ஆங்கிலேயர் 1902இல், முதல் துப்பாக்கி கையில் வாங்கிய தம் மகனுக்கு ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். குழலை ஒருபோதும் மனிதன் பக்கம் திருப்பாதே என்பதில் தொடங்கி, எத்தனை பறவை கிடைத்தாலும் செத்த ஒரு மனிதனுக்கு ஈடாகாது என்பதில் முடியும் பாட்டு. பிரிட்டனில் வேட்டைக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குத் துணைப் பிரதமர் போல இருந்த வில்லியம் வைட்லா 1984இல் கிரவுஸ் என்ற பறவையின் வேட்டையில் தடுமாறியபோது துப்பாக்கி வெடித்து, உடனிருந்த இருவருக்குக் காயம். ஒருவர் அவருடைய நண்பர் ஜோசப் நிக்கர்சன், மற்றவர் வேட்டைக்காவலர். வைட்லா துப்பாக்கியை வைத்துவிட்டார். பிறகு தொடவே இல்லை. இந்த வரிசையில் நான் எழுந்து நின்று வணங்குவேன் என்றால் அவரைத்தான்.

இனி அமெரிக்கா. 2006 பிப்ரவரி 11, சனிக்கிழமை மாலை. தெற்கு டெக்சாஸில் ஆம்ஸ்ட்ராங் பண்ணை, காடை வேட்டை. அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி, ஆஸ்டின் நகர வழக்கறிஞர் ஹாரி விட்டிங்டன், இன்னும் ஒருவர் வரிசையாகப் போகிறார்கள். விட்டிங்டனுக்கு வயது 78. தாம் சுட்ட காடையைத் தேடி எடுக்க வரிசையை விட்டுப் பின்தங்கினார். எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறார். அதே நேரம் ஒரு காடை கிளம்பி வரிசைக்குப் பின்புறமாகப் பறக்கிறது. செனி அதன்கூடவே திரும்புகிறார். சாயும் சூரியன் நேர் எதிரே. விட்டிங்டன் நின்ற இடமோ சற்றுப் பள்ளம். முப்பது கஜ தூரத்திலிருந்து புறப்பட்ட ரவை அவர் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தது. சற்றுமுன் சொன்னேனே, அதே சுழற்சி. நூறு வருடத்தில் துப்பாக்கி எவ்வளவோ மாறியது, கண் மாறவில்லை.

துணை அதிபரோடு எப்போதும் மருத்துவக் குழு போகும் என்பது விட்டிங்டனின் அதிர்ஷ்டம். உடனே சிகிச்சை கிடைத்தது. மூன்றாம் நாள், இதயத்தருகே தங்கிய ஒரு ரவையால் லேசான மாரடைப்பு வந்தது. இதற்கிடையில் வெளியே வேறொரு நாடகம். செய்தி நாட்டுக்குத் தெரியவே ஒரு நாள் ஆயிற்று. அதையும் வெள்ளை மாளிகை சொல்லவில்லை. பண்ணையின் உரிமையாளர் குடும்பத்துப் பெண் உள்ளூர்ப் பத்திரிகைக்குச் சொன்னார். தாம் பின்னால் வருவதை விட்டிங்டன் குரல் கொடுத்துத் தெரிவித்திருக்க வேண்டாமா என்று முதலில் கிளம்பிய பேச்சு, தவற்றை அடிபட்டவர் பக்கமே தள்ளியது. நான்கு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் செனி, விசையை இழுத்தது நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது என்ற பொருளில் பேசினார். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

காடை சுடுவதற்கு ஒட்ட வேண்டிய 7 டாலர் முத்திரைச் சீட்டு துணை அதிபரிடம் இல்லை என்பதும் விசாரணையில் தெரிந்தது. எச்சரிக்கைச் சீட்டு கொடுத்தார்கள். இன்னொரு வேடிக்கை: டெக்சாஸில் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம், ஆனால் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும். 1941இல் பிறந்த செனிக்குச் சட்டப்படி அந்த வகுப்பு தேவையில்லை. வயதானவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று சட்டம் நினைத்துக்கொள்கிறது போலும்.

பிப்ரவரி 17 அன்று விட்டிங்டன் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் காயத் தழும்பு. ஒலிவாங்கிகளின் முன்னால் நின்று அவர் சொன்னது உலகம் முழுதும் ஒளிபரப்பாயிற்று: அந்த வாரம் துணை அதிபரும் அவர் குடும்பமும் பட்ட கஷ்டங்களுக்காகத் தாமும் தம் குடும்பமும் மிகவும் வருந்துவதாகச் சொன்னார். சுடப்பட்டவர் வருத்தம் தெரிவித்துவிட்டார்! பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அந்தக் கிழவி நினைவுக்கு வந்தாள். செனி உங்களிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று 2010இல் நிருபர் கேட்டபோது, விட்டிங்டன் அந்தப் பேச்சுக்குள் போக விரும்பவில்லை. முப்பது ரவைகள்போல அப்போதும் அவர் உடம்பில் இருந்தன. 2023இல், 95 வயதில் இறந்தார்.

வேட்டைக்காரர்களின் சிறு விபத்துகளுக்கு ஒரு தனிக் கூட்டமே போடலாம். இரண்டைச் சொல்கிறேன். 2007 அக்டோபரில் அயோவா மாநிலத்தில் ஒருவர் ஃபெசன்ட் சுட்டார். பறவை வேலிக்கு அப்பால் விழுந்தது. துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டு வேலி தாண்டினார். வேட்டை நாய் வந்து விசைமேல் கால் வைத்தது. ரவை அவர் காலில் பாய்ந்தது. வேலி தாண்டுமுன் தோட்டாவை உருவிவிடு என்பது வேட்டைக்காரர்களின் முதல் பாடம். நாய் அந்தப் பாடத்தை வேறு விதமாக நடத்திவிட்டது. 2018 பிப்ரவரியில் மேரிலாந்தில், கூட இருந்தவர்கள் சுட்ட காட்டு வாத்து ஒன்று மேலேயிருந்து நேராக ஒருவர் தலையில் விழுந்து அவரை மயக்கமடையச் செய்தது. அது கனடா வாத்து; நான்கைந்து கிலோ இருக்கும்.

ரவைத் தோட்டாக்களில் 20 எண் (கேஜ்) அளவுடையவற்றை மஞ்சள் நிறத்தில் செய்வது ஏன் தெரியுமா? அந்தச் சின்னத் தோட்டாவைத் தவறுதலாக 12 எண் துப்பாக்கியில் போட்டால் அது வழுக்கிக் குழலுக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்துப் பெரிய தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழல் கையிலேயே வெடிக்கும். கண்டதும் வேறுபாடு தெரிய வேண்டுமென்று வந்த மஞ்சள் அது. விரல்களை இழந்தவர்கள் வாங்கிக் கொடுத்த நிறம்.

இதுவரை சொன்னதெல்லாம் துப்பாக்கியால் வந்த வினை. பறவை வேட்டையின் வரலாற்றில் நான் படித்தவற்றுள் மிகக் கொடிய நாளிலோ துப்பாக்கிக்குப் பங்கே இல்லை.

1940 நவம்பர் 11, திங்கட்கிழமை. முதல் உலகப் போர் முடிந்த நாள் என்பதால் அமெரிக்காவில் விடுமுறை. மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு இடையே மிசிசிப்பி ஆறு தீவுகளும் வில்லோ புதர்களுமாகப் பரந்து கிடக்கும். வாத்து வேட்டைக்குப் பேர்போன இடம். அன்று காலை நவம்பர் மாதத்துக்குப் பொருந்தாத இதமான வெயில். தொழிலாளிகள், கடைக்காரர்கள், பள்ளிப் பையன்கள், அப்பாவும் பிள்ளையுமாகச் சின்னத் தட்டைப் படகுகளில் தீவுகளுக்குப் போனார்கள். கம்பளிக் கோட்டு பலரிடம் இல்லை. காலை முழுவதும் வாத்து வரவில்லை.

நண்பகலை ஒட்டிக் காற்று திரும்பியது. மழை, பிறகு ஆலங்கட்டி கலந்த மழை, பிறகு பனி. கூடவே வாத்துகள் வந்தன. அப்படியொரு வரத்தை யாரும் கண்டதில்லை; கூட்டம் கூட்டமாக, தலையை உரசுவதுபோல, துப்பாக்கிச் சத்தத்துக்கும் கலையாமல். வேட்டைக்காரர்கள் மகிழ்ச்சியில் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்த வாத்துகள் புயலுக்கு முன்னால் உயிருக்கு ஓடிவந்தவை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது நேரம் கடந்திருந்தது. ஆற்றில் ஆளுயர அலை. கிளம்பிய படகுகள் கவிழ்ந்தன. கிளம்பாதவர்கள் தீவுகளில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே நாளில் வெப்பநிலை 28 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைந்துபோனது; அதாவது இருந்ததிலிருந்து அத்தனை டிகிரி இறங்கியது. நனைந்த துணி உடம்பிலேயே பனிக்கட்டியானது. படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் அடியில் ஒடுங்கினார்கள். மரத்தில் செய்த போலி வாத்துகளை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். இரவு முழுதும் வட்டமாக நடந்துகொண்டே இருந்தவர்கள் பிழைத்தார்கள். சற்று உட்காரலாம் என்று உட்கார்ந்தவர்கள் எழவில்லை.

மறுநாள் காற்று அடங்குவதற்கு முன்பே வினோனா நகரிலிருந்து மேக்ஸ் கான்ராட் என்ற விமானி தம் சிறிய பைப்பர் விமானத்தை எடுத்துக்கொண்டு ஆற்றின்மேல் தாழப் பறந்தார். உயிரோடு இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து, உணவும் தீப்பெட்டியும் அடைத்த தகர டப்பாக்களைப் போட்டார். மீட்புப் படகுகளுக்கு மேலே வட்டமிட்டு வழி காட்டினார். மினசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள். அவர்களில் பாதிப் பேர்போல வாத்து வேட்டைக்குப் போனவர்கள். மிச்சிகன் ஏரியில் மூழ்கிய கப்பல்களையும் சேர்த்தால் அந்தப் புயல் கொன்றவர்கள் நூற்றைம்பதை ஒட்டி வரும்.

அந்தப் பகுதிக்கான வானிலை முன்னறிவிப்பு அப்போது சிக்காகோ அலுவலகத்திலிருந்து வந்தது. இரவில் அங்கே ஆள் கிடையாது. இந்தச் சாவுகளுக்குப் பிறகு அலுவலகம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கத் தொடங்கியது, வட்டார முன்னறிவிப்பும் வந்தது. செத்தவர்கள் சாதாரண மக்கள். அவர்களை வைத்து யாரும் வேடிக்கைக் கதை சொல்லவில்லை. அதனால்தான் ஏதோ ஒன்று மாறியது என்று எனக்குப் படுகிறது. வேடிக்கையாகிப் போன விபத்து எதையும் திருத்தாது.

நம் நாட்டுக்கு வருகிறேன். ராஜஸ்தானில் பரத்பூர் பறவைகள் சரணாலயத்துக்குப் போனவர்கள் அங்கே ஒரு கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். எந்தத் தேதி, எந்த விருந்தினருக்காக, எத்தனை துப்பாக்கி, எத்தனை பறவை என்று பத்தி பிரித்து வெட்டியிருக்கும். 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்த வேட்டையில் 4,273 பறவைகள். ஒரே நாளில்! நாற்பது பேர் அளவில் சுற்றி நின்று நாள் முழுதும் ரவை பொழிந்த இடத்தில், இடுப்பளவு நீரில் இறங்கி விழுந்த வாத்துகளைப் பொறுக்கியவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்குக் கல்லில் பத்தி கிடையாது.

தமிழ்நாட்டில் வேறொரு கதை. வேடந்தாங்கல் ஏரியில் வந்திறங்கும் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அறிந்த ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல் கலெக்டர் தடை உத்தரவு கொடுத்தார். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவனிடம் போய், நீ செய்வது எங்களைப் பாதிக்கிறது என்று குடியானவர்கள் சொல்லி வென்ற இடம் அது. இன்று நான் சொன்ன கதைகளிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991 திருத்தத்தோடு எஞ்சியிருந்த உரிம வேட்டையும் நின்றது. சட்டம் சரிதான். ஆனால் பொழுதுபோக்குக்குச் சுட்ட ஜமீன்தார்களும் அதிகாரிகளும் துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு நினைவுக் கதை சொல்லப் போனார்கள். நாட்டுத் துப்பாக்கியும் வலையுமாகக் காடையும் கவுதாரியும் பிடித்துப் பிழைத்த நரிக்குறவர்கள் பிழைப்பை இழந்தார்கள், வழக்கிலும் சிக்கினார்கள்.

உங்களில் சிலர் வீட்டில் 1972க்கு முன் வேட்டைக்குப் போன தாத்தாக்கள், பெரியப்பாக்கள் இன்னும் இருப்பார்கள். எண்பது, தொண்ணூறு வயதிருக்கும். அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். எத்தனை பறவை விழுந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். புதரைத் தட்டிப் பறவை எழுப்பியது யார், சேற்றில் இறங்கியது யார், தப்பிப் போன ரவை யார்மேல் பட்டது, அவர் பெயர் என்ன, பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்றும் கேளுங்கள். எழுதியதை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.